நீலப் புள்ளியைப் பார்

எனக்கு இதுவரை கண்ணாடி தேவைப்பட்டதில்லை. நாற்பத்தாறு வயதாகிறது, இன்னும் ஒரே முயற்சியில் ஊசியில் நூல் கோத்துவிடுவேன். அதனால் நீங்கள் அந்த ஃபைலை என் பக்கம் தள்ள வேண்டாம். மேலே எழுதியிருக்கும் நோயாளி எண் இங்கிருந்தே தெரிகிறது. அது என் தங்கையின் எண். உள்ளே என்ன இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். விசாரணை என்று கூப்பிட்டு முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், அப்படியே சொல்கிறேன். நடுவில் நான் அழுவேன் என்று எதிர்பார்த்துத் தண்ணீர் வைத்திருக்கிறீர்கள். நன்றி, தேவைப்படாது.

நரம்பு நோய் ஆராய்ச்சி மையத்தின் இரண்டாம் மாடியில், ஜன்னலே இல்லாத ஓர் அறையில், பதினேழு வருஷமாக விழித்திரைப் படம் எடுத்தேன். வருகிறவர் தாடையை வைத்து, நெற்றியை முட்டுக் கொடுத்து, கருவிக்குள் தெரியும் நீலப் புள்ளியைப் பார்க்க வேண்டும். "நீலப் புள்ளியைப் பாருங்க, சிமிட்டாதீங்க." இதை ஒரு நாளைக்கு முப்பது தடவை சொல்வேன். கருவி ஒளியை உள்ளே அனுப்பி, விழித்திரையைக் கேக்கை வெட்டிக் காட்டுவதுபோல் அடுக்கடுக்காகக் காட்டும். நரம்பிழை அடுக்கு எத்தனை தடிமன் என்று மைக்ரானில் சொல்லும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாக வெட்டினால் அதில் ஒரு துண்டுதான் மைக்ரான். நான் பிழைத்தது அந்தத் துண்டுகளில்தான்.

எங்கள் மையத்தில் ஒரு வழக்கம் உண்டு. கருவி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று தினமும் காலையில் நல்ல கண் ஒன்றைப் படம் எடுத்துப் பார்ப்போம். காலைப் படம் என்று பெயர். அந்த நல்ல கண் என்னுடையது. முகத்தை வைத்துக்கொண்டே கையை நீட்டிப் பொத்தானை அழுத்தப் பழகிவிட்டேன். தொண்ணூற்றாறு மைக்ரான், ஒன்று முன்னே பின்னே. பதினேழு வருஷத்தில் அது அசையவே இல்லை. இடது கண்ணில் ஒரு ரத்தக்குழாய் சட்டை மாட்டும் கொக்கிபோல வளைந்திருக்கும். தினமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போவேன்.

என் தங்கை செயற்கைப் பல் செய்கிறவள். செய்துகொண்டிருந்தவள். பல்லில் இருபது முப்பது வெள்ளை உண்டு, மஞ்சள் கலந்தது, சாம்பல் கலந்தது என்று. பக்கத்துப் பல்லோடு பொருந்துகிற நிறத்தைக் கண்ணாலேயே எடுத்துவிடுவாள். ஒரு வாரம் அவள் செய்த பற்கள் எல்லாம் திரும்பி வந்தன. இடது கண்ணில் சிவப்பு மட்டும் வெளுத்துத் தெரிகிறது என்றாள். எங்கள் மையத்திற்கே அழைத்துப் போனேன். மல்டிபிள் ஸ்கிலரோசிஸ். கிருமியோடு சண்டை போட வேண்டிய ரத்த அணுக்கள் வழி தப்பி, சொந்த நரம்பின் உறையையே அரித்துத் தின்னும் நோய். முப்பத்தோரு வயது அவளுக்கு. அப்பா அம்மா போனபின் நான் தலை வாரிப் பள்ளிக்கு அனுப்பிய பெண். எனக்கென்று வேறு குடும்பம் இல்லை, வைத்துக்கொள்ளவும் இல்லை.

அதன் பிறகு மதிய இடைவேளைகளில் அவளை வரவழைத்துப் படம் எடுத்தேன். யாரும் சொல்லவில்லை, நானாகச் செய்தேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எண்களை எழுதினேன். அவளுக்கு வலி இல்லை, மூளை ஸ்கேனில் புதுப் புள்ளி இல்லை, எல்லோரும் நோய் தூங்குகிறது என்றார்கள். விழித்திரையின் நரம்பிழை அடுக்கு மட்டும் மாதாமாதம் மெலிந்தது. ஏழு மாதம் கழித்து அவள் கால் மரத்துப் போனது. நான் பழைய அலமாரியைக் கிளறினேன். நானூறு பேரின் படங்கள். யாருக்கு அந்த அடுக்கு சத்தமில்லாமல் மெலிந்ததோ அவர்களுக்குத்தான் பிறகு கை கால் விழுந்தது. காலுக்கு வருவதைக் கண் முன்கூட்டியே சொல்கிறது. இதைக் கண்டுபிடித்தது நான்தான். இந்த வரியை எழுதிக்கொண்டீர்களா?

நோட்டைத் தலைமை டாக்டரிடம் கொடுத்தேன். எதைக் காட்டினாலும் "அருமை" என்பார், அதனால் அவருக்கு 'அருமை டாக்டர்' என்றே பெயர். ஒரு மணி நேரம் புரட்டினார். அருமை என்றார். நம் இருவர் பெயரிலும் கட்டுரை வரும் என்றார். கட்டுரை வந்தது. ஒன்பது பெயர்கள் இருந்தன, அதில் இரண்டு பேரை நான் பார்த்ததே இல்லை. முதல் படத்தில் இரண்டு கண்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தார்கள். இடப்பக்கம் 'ஆரோக்கியமான கண்', அதில் என் கொக்கி. வலப்பக்கம் 'நோயுற்ற கண்', அது என் தங்கை. கடைசிப் பக்கத்தில் படங்கள் எடுக்க உதவிய ஊழியர்களுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள்.

நான் பெயருக்கு அலைகிறவள் இல்லை. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டில் தங்கையிடம் மட்டும் சொன்னேன். அவள்தான் கொதித்தாள். அந்தக் கட்டுரையை வைத்து டாக்டர் நடத்தவிருந்த புது மருந்துச் சோதனையின் தொடக்க விழாவில் நோயாளிகள் சார்பாகப் பேச அவளைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"நீ வாயைத் திறக்காதக்கா. மேடையில நான் சொல்றேன். என் கண்ணுல என்ன இருக்குன்னு முதல்ல பார்த்தது எங்க அக்கான்னு எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

அந்த வாரம் முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை. புதுப் புடவை வாங்கினேன். கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். தங்கை ஊன்றுகோலோடு மேடையேறினாள். அழகாகத்தான் பேசினாள். டாக்டர் தன் கண்ணுக்குள் பார்த்து, வேறு யாருக்கும் தெரியாததைக் கண்டுபிடித்தார் என்றாள். அவர் இல்லாவிட்டால் தான் இல்லை என்றாள். அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. நானும் எழுந்தேன், எல்லோரும் நிற்கும்போது ஒருத்தி உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்காது.

திரும்பும்போது டாக்ஸியில் அவளே ஆரம்பித்தாள்.

"கோவிச்சுக்காதக்கா. மருந்து அவர் கையில இருக்கு. அவர் மனசு நோகுற மாதிரி ஏதாவது சொன்னா என்னைக் கழட்டி விட்டுட்டா? உன்கிட்ட நான் அப்புறமா சொல்லிக்கலாம். நீ எங்க போயிடப் போற?"

நியாயமான பேச்சு. பயந்தவள் அப்படித்தான் பேசுவாள். நான் எங்கே போய்விடப் போகிறேன் என்பதை மட்டும் வீடு வரும் வரை யோசித்துக்கொண்டு வந்தேன். வயிறு எரிந்தது. மறைப்பானேன், நன்றாகவே எரிந்தது. டாக்டர் செய்தது திருட்டு. திருடனை எங்கேயும் பார்க்கலாம். இவளை நான் வளர்த்தேன்.

சோதனையின் விதி எளிமையானது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஆறு மாதத்தில் யாருக்காவது கண் அடுக்கு ஐந்து மைக்ரானுக்கு மேல் மெலிந்தால், அவரை உடனே வெளியே எடுத்து வீரியமான மருந்துக்கு மாற்றிவிட வேண்டும். என் எண்களை வைத்து எழுதிய விதி. யாரும் கெட்டுப் போகாமல் காக்கும் கதவு அது. அதன் சாவி என் அறையில் இருந்தது.

சோதனைக்கு முதல் படம் எடுக்கும் நாளில் தங்கை வந்தாள். தாடையை வைத்தாள். நீலப் புள்ளியைப் பாரு என்றேன், பார்த்தாள். படம் நன்றாகவே வந்தது. அவளை அனுப்பிவிட்டு, அன்றைய காலைப் படத்தை அவள் எண்ணில் ஏற்றினேன். என் கண்ணை. டாக்டரின் அறைக்குத் தடிமன் எண் மட்டும்தான் போகும். அவளுக்குத் தொடக்கமே தொண்ணூற்றாறு என்று போனது. முந்தைய கட்டுரையில் இருந்த எண்ணோடு அவர் ஒத்துப் பார்ப்பார் என்று ஒரு வாரம் பயந்தேன். அவர் பார்க்கவில்லை. தன் கட்டுரையை அவர் சரியாகப் படித்திருக்கவே மாட்டார் என்பது என் எண்ணம்.

கருவிக்கு ஒரு குணம் உண்டு. ஒருவரின் முதல் படத்தைப் பிடித்துக்கொண்டு, அடுத்தடுத்த படங்களை அதனோடு பொருத்தித்தான் ஏற்றுக்கொள்ளும். வேறு கண்ணைக் காட்டினால் முரண்டு பிடிக்கும். அதனால் முதல் படத்தை மாற்றியபின் என் வேலை சுலபமாகிவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை என் கண்ணைக் காட்டினேன், அதே கண்தான் என்று கருவி சந்தோஷமாகச் சொன்னது. மாற்றம் இல்லை என்று அச்சடித்துக் கொடுத்தது. நான் யார் கண்ணிலும் மண்ணைத் தூவவில்லை. அவர்கள் யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

தங்கையின் உண்மையான படங்களை அழித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஒன்றுகூட அழிக்கவில்லை. எல்லாம் என் நோட்டில் இருக்கின்றன, அச்சு ஒட்டி, தேதி போட்டு. இடது கண் எண்பத்தொன்று, எழுபத்து நான்கு, அறுபத்தெட்டு, அறுபது என்று இறங்கிக்கொண்டே போனது. வலது கண் கொஞ்சம் பின்னால் வந்தது. மருந்தே படாத ஒரு கண் எப்படி மெலியும் என்பதற்கு இவ்வளவு சுத்தமான வரிசை உலகத்தில் வேறு எங்கும் இருக்காது. நோட்டை நீங்கள் எடுத்துக்கொண்டு போனீர்கள். தயவுசெய்து பக்கங்களை மடிக்காதீர்கள்.

இரண்டாம் வருஷம் அவள் வேலையை விட்டாள். நிறம் எல்லாம் ஒன்றாகிவிட்டது என்றாள். படிக்கட்டில் விழுந்தாள். டாக்டரிடம் போய்ப் பார்வை மங்குகிறது என்று சொன்னபோது நானும் கூட இருந்தேன். அவர் கண்ணைப் பார்க்காமல் திரையைப் பார்த்தார்.

"அருமையா இருக்கு உங்க கண். ஒரு மைக்ரான்கூடக் குறையல. மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க, படம் பொய் சொல்லாது."

அவள் முகம் அன்று எப்படி இருந்தது தெரியுமா? மேடையில் தலைமேல் தூக்கி வைத்தாளே, அந்த மனிதர் அவள் சொல்வதை நம்பவில்லை. நம்பி ஏமாறுவது என்றால் என்ன என்று அவளுக்கு அப்போது புரிந்திருக்கும். எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. வீட்டில் என்னிடம் கேட்டாள், நிஜமாகவே படத்தில் ஒன்றும் இல்லையா என்று. படம் ரொம்ப நல்லா இருக்குடி என்றேன். அது பொய் இல்லை. என் கண் நல்ல கண்.

அவளை நான் கவனிக்கவில்லை என்று ஒருவரும் சொல்ல முடியாது. குளிக்க வைத்தேன், சாப்பாடு ஊட்டினேன், கழிப்பறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். என் இடுப்பு போய்விட்டது. அவளுக்கு விழுந்தது வெற்று மாத்திரை என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். அதற்கு நான் பொறுப்பில்லை, சீட்டுக் குலுக்கியது கணினி.

நான் மாட்டிக்கொண்டதும் அந்தக் கட்டுரையால்தான். சோதனைப் படங்களைச் சரிபார்க்க அனுப்பிய வேறொரு மையத்தில் யாரோ அவற்றை ஒழுங்காகப் பார்த்திருக்கிறார். நோயாளியின் கண்ணில் இருந்த கொக்கி, கட்டுரையின் ஆரோக்கியமான கண்ணிலும் இருக்கிறதே என்று கேட்டிருக்கிறார். மூன்று வருஷத்தில் என் கண்ணை உற்றுப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அவரிடம் எனக்குக் கோபம் இல்லை.

எழுபத்து நான்கைப் பார்த்தபோதாவது ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டீர்கள். நிறுத்தியிருப்பேன். முதல் படத்தைத் திரும்ப மாற்றி, ஒரு உண்மைப் படத்தை ஏற்றிக் கதவைத் திறந்துவிட எனக்கு இரண்டு நிமிஷம் போதும். அவள் ஒரே ஒரு தடவை அந்த வார்த்தையைச் சொல்வாள் என்று காத்திருந்தேன். கேட்டு வாங்கினால் அதற்கு மதிப்பில்லை, அதனால் கேட்கவில்லை.

போன மாதம் சொன்னாள். காலுக்குப் பயிற்சி கொடுக்க வருகிற பெண்ணிடம், நான் அடுப்படியில் இருக்கிறேன் என்று தெரியாமல் சொன்னாள். "என் நோயை முதல்ல கண்ணுல பார்த்தது டாக்டர் இல்லைங்க, எங்க அக்கா. அன்னிக்கு மேடையில சொல்லாம விட்டுட்டேன். அவ இல்லன்னா நான் இல்ல."

கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். மனசு லேசாகிவிட்டது. மறுநாள் காலையிலேயே அவளைச் சக்கர நாற்காலியில் வைத்து மையத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அன்று காலைப் படம் எடுக்கவில்லை. அவள் தாடையை நானே பிடித்து வைத்தேன். நீலப் புள்ளியைப் பாருடி என்றேன்.

"எந்தப் புள்ளிக்கா?" என்றாள்.

நாலைந்து தடவை முயன்றோம். புள்ளியில் கண் நிற்காவிட்டால் கருவி படம் எடுக்காது. என் பக்கத்தில் ஒரு குறையும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், அன்று நான் சரியாகவே செய்தேன்.

இதையெல்லாம் அவளிடம் நீங்கள் சொல்லத்தான் போகிறீர்கள். சொல்லுங்கள். ஆனால் ஐந்து மணிக்குள் என்னை விட்டால் நல்லது, அவளுக்கு மாத்திரை கொடுக்க வேண்டும், வேறு யார் கை பட்டாலும் பயப்படுகிறாள். இப்போதெல்லாம் நான் எங்கே போய்விடப் போகிறேன் என்று அவள் கேட்பதில்லை. எங்கயும் போயிடாதக்கா என்று என் முந்தானையைப் பிடித்துக்கொள்கிறாள். மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே இப்படி இருந்திருந்தால், பாவம், அவள் கண் தப்பியிருக்கும்.