அலுமாரியில் கிடந்த விசில்

ஹட்டனிலிருந்து நோர்வூட் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் வேறு வேறு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"மண்சரிவு ஒத்திகை அன்னிக்கு எங்க தோட்டத்துல விசிலை யாருமே ஊதலக்கா," என்றாள் இளையவள்.

"ஏன்?"

"ரெண்டு கங்காணிமாருக்கும் பேச்சுவார்த்தை இல்ல. அவரு ஊதட்டும்னு இவரு, இவரு ஊதட்டும்னு அவரு. விசில் ஆபீஸ் அலுமாரியிலயே கெடந்துச்சு."

"அப்ப ஒத்திகை நடக்கலையா?"

"நடந்துச்சே. விசில் சத்தம் கேட்டுத்தானே நாங்க எல்லாரும் புள்ளைகளைத் தூக்கிக்கிட்டு கோயில்கிட்ட ஓடுனோம்."

மூத்தவள் அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"சத்தம் எங்கருந்து வந்துச்சு?"

"மேல் லயத்துல இருந்து."

"அந்த லயத்து வீடுகளைத்தான் போன மழையில ஆளுகளோட மண்ணு மூடிருச்சே."

"ஆமாக்கா. அன்னிக்கும் இவங்க ரெண்டு பேரும் இப்படித்தான் ஊதாம இருந்தாங்க."