சோலையம்மாளின் பெருவிரல்

இந்தப் பெஞ்சில் உட்கார்ந்தால் காற்று நன்றாக வருகிறது, ஐயா. திருமங்கலம் ரிஜிஸ்தர் ஆபீஸ் வேப்பமரத்தடியிலும் இப்படித்தான் வரும். அங்கேதான் என் பிழைப்பு. பேர் கருத்தக்கண்ணன். நிலம் விற்க யார் வந்தாலும், "இவர் இன்னார்தான், எனக்குத் தெரியும்" என்று அதிகாரி முன்னால் ஒரு ஆள் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்கிறவன் நான்.

சின்ன வேலை என்று நினைப்பீர்கள். எனக்கு அது கள்ளுக் குடித்த மாதிரி. நான் வாயைத் திறந்து "இவர் விருமாண்டி" என்றால் அந்த ஆள் விருமாண்டி. அதுவரைக்கும் அவர் வெறும் வேட்டியும் துண்டும்தான். சொல்லிவிட்டு வெளியே வந்தால் எனக்குக் கால் தரையில் பாவாது.

சோலையம்மாள் டி. கல்லுப்பட்டிப் பக்கத்துக்காரி. புருஷன் செத்து, பிள்ளைகுட்டி இல்லாமல் தனியாக இருந்தாள். கண்மாயை ஒட்டி நல்ல கரிசல் நிலம். கொழுந்தன் மொக்கைச்சாமிக்கு அதன்மேல் கண். பக்கத்து ஊரில் யாரோ ஆள்மாறாட்டம் செய்து ஒரு பெரியவரின் தோப்பை எழுதி வாங்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, பயந்துபோய் என்னிடம் வந்தாள்.

"அண்ணே, என் பேரைச் சொல்லிக்கிட்டு வேற ஒருத்தி கைநாட்டு வச்சுட்டா நான் என்ன செய்ய?"

நியாயமான கேள்வி. நானும் நியாயமாகத்தான் பதில் சொன்னேன். வெற்றுத்தாளில் ரேகை வைக்காதே. நிலத்தின் நாலெல்லையை ஊரில் பேசாதே. தகப்பன் பேர், பாட்டன் பேர் எதையும் வாய்விடாதே. பழைய பத்திரத்தை உறவுக்காரன் கையில் கொடுக்காதே. இன்றைக்கு நீங்கள் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். பிறகு, எனக்கு விவரம் தெரிந்திருந்தால் நல்லது என்று எல்லாவற்றையும் என்னிடம் மட்டும் சொன்னாள்.

கொஞ்ச நாளில் மொக்கைச்சாமி வந்தார். "மாப்ள, எங்க மதினி மாதிரி ஒரு பொம்பள வேணும்" என்றார். அதற்கு அவர் என்ன கொடுத்தார் என்று இந்த ஏட்டையா விடாமல் கேட்கிறார். ஒரு சேவல் கொடுத்தார். சேவலுக்காகவா செய்தேன்? இருக்கிற ஆளை இன்னார் என்று சொல்லிச் சொல்லி எனக்குச் சலித்துவிட்டது. ஒரு ஆளை நானே உண்டாக்கிப் பார்த்தால் என்ன என்று நினைத்ததுமே சரியென்றுவிட்டேன்.

தங்கப்பொண்ணு என்று ஒருத்தி, வண்டியூர்த் தெப்பக்குளத்தங்கரையில் பனங்கிழங்கு விற்கிறவள். சோலையம்மாள் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள், அவள் சம்மதத்தோடுதான் இது நடக்கிறது என்று சொல்லிக் கூட்டிவந்தேன்.

"உங்கய்யா பேரென்ன?" என்பேன்.

"சிவனாண்டி."

"தெக்கெல்லை?"

"கண்மாய்க் கரை."

முந்தானையை எப்படி இழுத்துவிடுவது, பேசுமுன் எப்படித் தொண்டையைச் செருமுவது எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு பேருக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நிசச் சோலையம்மாளைவிட இவள் நன்றாக இருந்தாள்.

அதிகாரி என்னைப் பார்த்தார். "சோலையம்மாள்தான். சின்னப் பிள்ளையிலிருந்து தெரியும்" என்றேன். கைநாட்டு வைத்தாள். அன்றைக்குக் கரியில் ஓடுகிற பஸ் ஏறி மதுரைக்கு வந்து பருத்திப்பால் குடித்தோம். "சோலை" என்று கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தாள். அம்புட்டுச் சந்தோஷம் எனக்கு என் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

மொக்கைச்சாமியின் ஏர் நிலத்துக்குள் இறங்கியபோதுதான் நிசக்காரிக்கு விஷயம் தெரிந்தது. சாட்சியில் என் பேர் இருப்பதைக் கண்டு ஓடிவந்தாள். "முக்காடு போட்டு வந்தா தாயி. உன் சாடை. நானே ஏமாந்துட்டேன்" என்றேன்.

"விடுங்கண்ணே. உங்களையே ஏமாத்தியிருக்கான்னா அவ எம்புட்டுக் கெட்டிக்காரியா இருக்கணும்" என்று என்னைத் தேற்றினாள். அப்புறம் இடதுகைப் பெருவிரலைத் தூக்கிக் காட்டினாள். "ஆளை மாத்தலாம், ரேகையை மாத்த முடியாதுன்னு வக்கீல் சொல்லிட்டாரு. பழைய பத்திரத்துல இருக்க ரேகையையும் இதையும் கோர்ட்டுல ஒத்துப் பாப்பாகளாம்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். நல்ல விரல்.

மொக்கைச்சாமியின் ஆட்கள் அவளை ஏதும் செய்துவிடக் கூடாதே என்று ஆரப்பாளையத்தில் ஒரு விடுதியில் அறை பிடித்துக் கொடுத்தேன். "இங்க உன் நிசப் பேரைச் சொல்லாத. யார் கேட்டாலும் மாயக்கான்னு சொல்லு" என்றேன். சரியென்றாள். ஒரே ஊரில் நான் பேர் வைத்த இரண்டு பெண்கள். தெருவில் நடந்து போகையில் எனக்குச் சீட்டியடிக்கத் தோன்றியது.

பிறகு நகைவேலை செய்யும் பத்தரிடம் திராவகம் வாங்கி வந்து கிண்ணத்தில் ஊற்றினேன். ரேகை தெளிவாக விழ இது மருந்து என்றேன். பெருவிரலை உள்ளே விட்டாள்.

"எரியுதுண்ணே."

"எரிஞ்சாத்தான் ரேகை எந்திரிக்கும். பொறுத்துக்க தாயி."

பொறுத்துக்கொண்டாள். மணிக்கட்டை நான் பிடித்துக்கொண்டேன். பிடிக்காவிட்டால் எடுத்துவிடுவாள் இல்லையா.

விரல் வீங்கியது. பிறகு முழங்கை. பிறகு தோள். ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா என்று கேட்டாள். "அங்க பேரு ஊரெல்லாம் கேட்டு எழுதிக்கிடுவாங்க. வழக்கு முடியட்டும்" என்றேன். சன்னி கண்டபிறகு விடுதிக்காரர்தான் வண்டியில் தூக்கிப் போட்டுக் கொண்டுபோனார். அங்கே பேர் கேட்டதற்கு, நினைவு தப்பித் தப்பி வருகிற நேரத்திலும், மாயக்காள் என்றாளாம். நான் சொன்ன சொல்லை அப்படிக் காப்பாற்றினாள்.

அவள் இறந்ததும் அடையாளம் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். துணியை விலக்கிக் காட்டினார்கள். "மாயக்காள்தான். சொந்தபந்தம் யாரும் இல்லை" என்றேன். வெளியே நல்ல வெயில். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். துக்கம் இல்லை ஐயா, கிறுகிறுப்பு. சிரித்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

வக்கீல் தன் கட்சிக்காரியைக் காணோம் என்று தேட ஆரம்பித்தார். படுக்கையில் கிடப்பதாக நான் சொன்னவளை ஊரே தேடுகிறது என்று தெரிந்ததும் தங்கப்பொண்ணு உங்களிடம் வந்து, "நான் சோலையம்மா இல்ல" என்று அழுதுவிட்டாள். எனக்கு வருத்தம்தான். அம்புட்டு நன்றாக வந்தவள்.

மொக்கைச்சாமிக்குத் திராவகச் சங்கதி தெரியாது. ஊற்றியது நான், கையைப் பிடித்தது நான், ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் தடுத்ததும் நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். யாரிடமும் ஏமாந்துவிடக் கூடாது என்றுதான் அந்தப் பெண் என்னைத் தேடி வந்தது. நான் அவளைக் கைவிடவில்லை. எங்கே வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள், என்னைத் தவிர ஒருவரும் அவளை ஏமாற்றியதில்லை.