நாளைக்குப் போற காருக்குப் புது ஃபில்டர்

— நாளைக்குக் காலையில பத்து மணிக்குக் காசைக் குடுத்துட்டு ஓட்டிட்டுப் போகப் போறான் ஒருத்தன். அவனுக்காக நீ புதுசா ஏசி ஃபில்டர்...

— வாங்கினது வாங்கினதுதாங்க. டார்ச்சை இப்படிக் குடுங்க.

— குடுக்க மாட்டேன். விக்கிற வண்டிக்கு எவளாவது...

— வண்டி பாக்க வந்த அன்னிக்கு அவரு குழந்தை இந்த சீட்டுல உக்காந்து எப்படி இருமுச்சு, பாத்தீங்கல்ல?

— பாக்கல. எனக்கு எங்க தெரியுது? கேட்டேன்.

— ...சரி. கேட்டீங்க.

— அட்டைப் பெட்டியில என்ன கம்பெனி போட்டிருக்கு?

— என்னமோ ஒரு பேரு. நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க.

— வெளிப் பார்ட்டா? பதினாறு வருஷமா ஒரு திருகாணி கூட நான் வெளியில வாங்கினதில்ல.

— கம்பெனியில இந்த மாடலுக்கு இனிமே வராதாம். "அம்மா, இப்படி ஒரு காரு இருந்ததையே நாங்க மறந்துட்டோம்"கிறாரு கடைக்காரர்.

— மறப்பான், மறப்பான். தள்ளு, நான் உன் சீட்டுல உக்காந்து இந்த முன் பெட்டியைக் கழட்டுறேன். இதுக்குக் கண்ணு வேணாம். ரெண்டு பக்கமும் அமுக்கினா... ம். தானா எறங்கிடும்.

— எறங்கிடுச்சு. உள்ள கெடந்த ஸ்பேனரும் என் கால் மேல எறங்கிடுச்சு.

— ஐயோ... வலிக்குதா?

— இல்ல. கையை விட்டுப் பழசை இழுங்க. மெதுவா... மூஞ்சியைத் திருப்பிக்கோங்க, தூசி.

— எப்படி இருக்கு?

— சொன்னா வருத்தப்படுவீங்க.

— சொல்லு.

— கரியாட்டம் இருக்கு. காஞ்ச எலை, செத்த பூச்சி... ஏதோ ஒரு எறகு. இது வழியா வந்த காத்தைத்தான் நாம இத்தனை நாளும் இழுத்திருக்கோம்.

— போன வருஷம் மாத்தினேனே.

— அதுக்கும் முந்தின வருஷம். அப்புறம்தான் உங்களுக்கு...

— ம். பார்வைக்கு நடுவுல ஒரு கறுப்பு வட்டம். டாக்டரும் நல்ல மனுஷன். "இனிமே ஸ்டியரிங்கைத் தொடாதீங்க"னு ஒரே வரியில முடிச்சிட்டாரு. புதுசைக் குடு.

— இந்தாங்க.

— போக மாட்டேங்குது. சொன்னேனா இல்லையா? அளவு தப்பு. வெளிப் பார்ட்டு வெளிப் பார்ட்டுதான்.

— அளவெல்லாம் சரிதான். பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமலே சொருகுறீங்க.

— ...சொல்லக் கூடாதா?

— கம்பெனி கம்பெனினு பேசினீங்கல்ல, கொஞ்சம் மல்லுக்கட்டட்டும்னு விட்டேன். குடுங்க... ம், பிரிச்சாச்சு.

— காத்து போற பக்கம் காட்டுற அம்புக்குறி எங்க? அது கீழ பாக்கணும்.

— அதுமேல நகத்தால அழுத்திக் கீறி வெச்சு, திரும்ப உறையில போட்டேன். தடவிப் பாருங்க.

— ...எப்பக் கீறின?

— கடையில நின்னப்பவே.

— ம், உக்காந்துடுச்சு. கச்சிதமாத்தான் உக்காருது, உன் பேரில்லாத கம்பெனி. அந்தப் பக்கம் போயி ஏசியைப் போடு.

— இருங்க, சுத்தி வரேன்... ம். காத்து வருதா?

— வருது. நல்லா வருது. அட, ஒரே தடவையில கிளப்பிட்டியே?

— சாவியைத் திருப்பக் கூடவா தெரியாது?

— ...இந்தா, ஒண்ணு சொல்றேன், திட்டாத. அந்த ஆளு நாளைக்கு வர மாட்டான்.

— எந்த ஆளு?

— வாங்குறவன்தான். முந்தாநேத்தே போன் பண்ணி, வண்டியில கோளாறு, வேணாம்பானு சொல்லிட்டேன்.

— கோளாறா? என்ன கோளாறு?

— கோளாறெல்லாம் எனக்குத்தான். குடுக்க மனசு வரல. நான் ஓட்ட மாட்டேன், சத்தியமா. இது இங்கேயே நிக்கட்டும். சாயங்காலம் கொஞ்ச நேரம் வந்து சும்மா உக்காந்திருப்பேன்... உனக்கென்ன, வெச்சுக்கலாமே?

— எதுக்குங்க நிக்கணும்? மூணு மாசமாத் தையல் வகுப்புனு போயிட்டு வந்தேனே, ஒரு தலையணை உறையாவது தச்சுக் காட்டினேனா? லைசென்ஸ் போன வாரமே கைக்கு வந்துடுச்சு... எறங்காதீங்க, என் சீட்டுலயே இருங்க. கதவைச் சாத்துங்க.