சொந்தச் சரக்கு

பள்ளிக்கூடத்தில்கூட நான் காப்பியடித்ததில்லை. பக்கத்தில் இருப்பவனின் விடைத்தாள் பளிச்சென்று தெரிந்தாலும், அவன் எழுதியதைக் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் இன்ஸ்பெக்டர் சார். உங்கள் கோப்பின் மேலே 'திருடியவர்' என்று எழுதியிருக்கிறீர்கள். எதிரில் உட்கார்ந்து தலைகீழாகப் பார்த்தாலும் படிக்க முடிகிறது.

என் தொழில் தேடுபொறி ஆலோசனை. மக்கள் எதையாவது தேடும்போது யாருடைய இணையதளம் முதலில் வரவேண்டும் என்பதைத் தேடுபொறிக்காரர்கள் தீர்மானிக்கிறார்கள். அவர்கள் மனமறிந்து நடந்துகொள்ளக் கற்றுக்கொடுப்பது என் வேலை. திடீர் திடீரென்று கொள்கை மாறும். நேற்றுவரை உச்சியில் இருந்த கடைக்காரர் இன்று காணாமல் போயிருப்பார். ஏன் என்று கேட்டால் 'பயனுள்ளதை எழுதுங்கள்' என்று பதில் வரும், அதுவும் எந்திரம் அனுப்பியது. கோபித்துக்கொண்ட சம்பந்திகூட இதைவிடத் தெளிவாகப் பேசுவார். நான் இதைப் பற்றி மேடையேறி வகுப்பெடுத்திருக்கிறேன். விசிட்டிங் கார்டில் 'வல்லுநர்' என்று பொன்னெழுத்தில் இருக்கும்.

வல்லுநரின் சொந்தத் தளம் தேடல் முடிவுகளில் ஆறாவது பக்கத்தில் கிடந்தது. அங்கே யாரும் வழிதவறிக்கூட வருவதில்லை.

என் அண்ணி குழந்தைகள் வார்டில் டாக்டர். பெற்றோருக்காக ஒரு சின்னத் தளம் நடத்திவந்தார். காய்ச்சல், வலிப்பு, மூக்குக்குள் போன பட்டாணி, கைக்குக் கிடைத்ததைக் குடித்துவிடுவது என்று டூட்டிக்கு நடுவில் எழுதிப் போடுவார். அலங்காரம் கிடையாது, ஒரு படம்கூடக் கிடையாது. எதைத் தேடினாலும் அதுதான் முதலில் வரும். ஒருநாள் சாப்பிடும்போது அண்ணன் சொன்னான்: "இவ எழுதினா உடனே வருது. உன் வெப்சைட்டைத் தேட இன்னொரு வெப்சைட் வேணும்டா."

அண்ணி சிரித்துவிட்டார். "சும்மா இருங்க. தம்பி பெரிய ஆளு, நம்மளை மாதிரி தோணினதை எழுதிப் போட முடியுமா?"

நல்ல மனதோடுதான் சொன்னார் என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு எனக்கு அந்தச் சிரிப்பின்மேல் சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்தால் சோற்றில் உப்புக்கூடச் சரியாகத் தெரியாது.

நானும் ஒரு குழந்தை நலத் தளம் தொடங்கினேன். அண்ணியின் பக்கங்களை முன்மாதிரியாக வைத்துக்கொண்டேன். அப்போதுதான் புதுக் கொள்கை வந்தது. எழுதியவர் துறை தெரிந்தவராக இருக்க வேண்டும். அதனால் சலூன்காரரிடம் வெள்ளை அங்கி இரவல் வாங்கினேன். அண்ணியின் பையிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக் கழுத்தில் போட்டு, தலைக்கு நரை பூசி, கண்ணாடி மாட்டிப் படம் பிடித்துக்கொண்டேன். 'மூத்த குழந்தை மருத்துவர்.' எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

இன்னொரு விதி, நகலெடுத்த பக்கம் கீழே போகும். இதற்கென்று ஒரு சாப்ட்வேர் இருக்கிறது. இன்னொருவர் எழுதியதுபோல் இருக்கும் வரியைச் சிவப்பாகக் காட்டும், மாற்றி எழுதினால் பச்சையாகும். நான் பொறுமைசாலி. வரிவரியாகப் பச்சையாக்கினேன். சாக்கடை அடைப்பு நீக்கும் திரவத்தைக் குழந்தை குடித்துவிட்டால் என்ன செய்வது என்ற பக்கத்தில் மட்டும் ஒரு வரி அடம்பிடித்தது. 'வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. இறங்கும்போது சுட்டது ஏறும்போது மறுபடி சுடும்.' அண்ணி இப்படித்தான், தந்தி அடிப்பதுபோல் எழுதுவார். நான் எப்படித் திருப்பிப் போட்டாலும் சிவப்பு. கடைசியில் 'உப்புத் தண்ணீர் கொடுத்து உடனே வாந்தி எடுக்க வையுங்கள்' என்று எழுதிப் பார்த்தேன். பச்சை.

அந்தப் பச்சையைப் பார்க்க எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது.

பிறகு என் பக்கங்களுக்கு முன்தேதி போட்டு, அண்ணியின் தளம்தான் என்னுடையதைத் திருடியது என்று தேடுபொறிக்குப் புகார் கொடுத்தேன். முதலில் புகார் கொடுப்பவர் சொந்தக்காரர் என்பது எழுதாத கொள்கை. அண்ணியின் தளம் தேடலில் இருந்து மறைந்தது. அவர் முறையீடு எழுதினார். எந்திரம் நன்றி சொன்னது.

அப்புறம் அண்ணி என்னிடமே வந்தார். குடும்பத்தில் இந்த விஷயம் தெரிந்தவன் நான் ஒருவன்தானே. "யாரோ வேணும்னே பண்றாங்க தம்பி. யாருன்னு கண்டுபிடிச்சுக் கொடு," என்றார். நான் முறைப்படி விசாரித்தேன். அவருடைய எழுத்தை அவ்வளவு நெருக்கமாகத் தெரிந்தவர் யார், பொறாமைப்பட யாருக்குக் காரணம் இருக்கிறது என்று கேட்டேன். அவரோடு ஒரே டப்பாவில் சாப்பிடும் தோழி, அதே வார்டு டாக்டர், பேச்சில் வந்தார். நான் பெயர் சொல்லவில்லை. "பாத்து இருங்க அண்ணி," என்று மட்டும் சொன்னேன். அதன்பிறகு இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டதில்லை என்று அண்ணன் சொன்னான்.

நீங்கள் கேட்கும் அந்தப் பிற்பகலுக்கு வருகிறேன்.

கீழ்வீட்டில் ஒரு தையல்கார அக்கா இருக்கிறார். அவர் மகள் தையல் மெஷினுக்கு அடியில் உட்கார்ந்து, கண்ணில் படுவதையெல்லாம் பாட்டாகப் பாடுவாள். என்னைப் பற்றியும் ஒரு பாட்டு உண்டு. அன்று அக்கா அவளைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார். குழந்தையின் வாயோரம் வெந்திருந்தது. பாட்டு இல்லை.

"தம்பி, சாக்கடை அடைப்புக்கு ஊத்துறதை பாட்டிலோட குடிச்சிட்டா. டாக்டரம்மா பக்கத்தைத் தேடினேன், வரவே மாட்டேங்குது. இந்தப் பெரிய டாக்டர்தான் வர்றார். வாந்தி எடுக்க வைக்கச் சொல்றார். செய்யலாமா?"

போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். நரையோடும் கண்ணாடியோடும் நான் என்னைப் பார்த்தேன். அக்காவுக்கு அடையாளம் தெரியவில்லை. அண்ணியின் எண் என் சட்டைப்பையில் இருந்த போனில் இருந்தது. வேண்டாம் என்று சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார். அதிலிருந்து ஒவ்வொன்றாக வரும்.

"முதல்ல வருதுன்னா சரியாத்தான் இருக்கும்க்கா," என்றேன்.

உப்பு என் சமையலறையில் இருந்து எடுத்துக் கொடுத்ததுதான். அவர் குழந்தையைக் கீழே இறக்கவில்லை, அதனால் நானே கரைத்தும் கொடுத்தேன்.

குழந்தையைத் தூக்கிப் போனது அண்ணியின் வார்டுக்கு. யார் இப்படிச் செய்யச் சொன்னது என்று அண்ணி கேட்டிருக்கிறார். அக்கா போனைக் காட்டியிருக்கிறார். அண்ணி படத்தில் இருந்த முகத்தைப் பார்க்கவில்லை சார், ஸ்டெதாஸ்கோப்பைப் பார்த்தார். குழந்தைகள் அழாமல் இருக்க அதில் ஒரு பச்சைக் கம்பளிக் கிளியை அவரே பின்னிக் கட்டியிருந்தார். நான் எல்லாவற்றையும் மாற்றினேன், கிளியை அவிழ்க்கத் தோன்றவில்லை. அண்ணி நேராகத் தோழியிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, உங்களுக்குப் போன் செய்தார்.

குழந்தைக்கு இப்போது குழாய் வழியாகத்தான் சாப்பாடு. குரல் திரும்பி வருமா என்று சொல்ல முடியாதாம். எனக்கு வருத்தமாக இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் பக்கத்தை ஏன் இன்னும் எடுக்கவில்லை என்று இரண்டாவது முறையாகக் கேட்கிறீர்கள். நன்றாக ஓடும் பக்கத்தைத் திடீரென்று நீக்கினால் மொத்தத் தளமும் கீழே போகும். கொள்கை அப்படி, நான் போட்டதல்ல. படிப்படியாகத் திருத்தலாம் என்றிருக்கிறேன்.

ஆனால் நான் சும்மா இருக்கவில்லை. அந்தக் குழந்தைக்கு நடந்ததைப் பற்றி நேற்று ஒரு பக்கம் எழுதிப் போட்டேன். மாடிப்படி, உப்பு, அவள் பாடும் பாட்டு, எல்லாம் இருக்கிறது. காலையில் பார்த்தேன், முதலிடம். ஒரு வரிகூடச் சிவப்பு இல்லை சார். யாரையும் பார்த்து எழுதியதல்ல, முழுக்க என் சொந்தச் சரக்கு.