கரியாலூர் இன்ஜின்

பழைய பித்தளையைப் புளி போட்டுத் துலக்கக் கூடாது. பலரும் செய்கிற தவறு இது. புளி அழுக்கை எடுக்கும், கூடவே பல வருஷமாகப் படிந்த நிறத்தையும் எடுத்துவிடும். மெல்லிய துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துத் துடைத்தால் போதும். அதற்குப் பொறுமை வேண்டும் ஐயா. எனக்குப் பொறுமை உண்டு. என்னைத் தெரிந்தவர்கள் முதலில் அதைத்தான் சொல்வார்கள்.

என் பெயர் ராஜாங்கம். கள்ளக்குறிச்சியில் பெயின்ட் கடை வைத்திருக்கிறேன். சொந்த ஊர் எலவனாசூர்கோட்டை. மாதப் பூசத்தன்று கடை வாசலில் கஞ்சி ஊற்றுவேன். கூலிக்கு வருகிறவர்களையும் வாங்க போங்க என்றுதான் பேசுவேன். பெரிய தர்மம் செய்ய வசதி இல்லாவிட்டாலும் சின்னச் சின்ன உபகாரம் யாரும் செய்யலாம் என்பது என் நம்பிக்கை. வெயிலில் வந்தவருக்கு மோர் கொடுப்பது, மழைக்கு ஒதுங்கியவருக்கு நாற்காலி போடுவது, அந்த மாதிரி.

என்னுடைய ஒரே ஆசை பொம்மை ரயில்கள். இப்போது வரும் பிளாஸ்டிக் ரயில்கள் அல்ல, தகரத்தில் செய்து கையால் வர்ணம் பூசிய பழைய ரயில்கள். பாண்டிச்சேரியில் பழைய மரச்சாமான் விற்கும் கடைகளில் தேடித் தேடி வாங்கியவை. கடைக்கு மேலேயே இருக்கும் வீட்டு மாடி அறையில் நீளமான மேசைகளைச் சேர்த்துப் போட்டுத் தண்டவாளம் அமைத்திருக்கிறேன். சாவி கொடுத்து ஓடும் ரயிலை, ஓட்டி முடித்ததும் சுருளை முழுக்கத் தளர்த்திவிட்டுத்தான் எடுத்து வைப்பேன். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் இரும்புச் சுருள் களைத்துப்போகும். ஒரு சுருள் கூட என் வீட்டில் கஷ்டப்பட்டுக்கொண்டு கிடப்பதை என்னால் பார்க்க முடியாது.

முனியன் என் கடைக்கு வந்தது விளக்குத் திரி கேட்டு. கரியாலூர் பக்கம் மலையில் இருக்கிறவர், கூலி வேலை. அறுபது வயதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும்.

"இத்துணூண்டு வெளக்குக்குத் திரி வேணும் மொதலாளி" என்று சுண்டுவிரலை மடக்கிக் காட்டினார்.

"எதுக்கான விளக்கு?"

"ரயிலுக்குங்க."

கடையில் வேலை செய்யும் சுபாஷ் சிரித்துவிட்டான். "கரியாலூருக்கு எப்ப ரயிலு உட்டாங்க பெரியவரே?"

"எங்கப்பன் காலத்துலயே உட்டாச்சி. ஒனக்குத்தான் டிக்கெட்டு கெடைக்கல" என்றார் முனியன். சொல்லிவிட்டுத் துணிப்பையின் முடிச்சை அவிழ்த்தார்.

உள்ளே ஒரு பொம்மை ரயில் இன்ஜின், ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம். பித்தளைக் கொதிகலன், பச்சை வர்ணம் பூசிய கூண்டு. சாவியும் கிடையாது, மின்சாரமும் கிடையாது. கொதிகலனில் தண்ணீர் ஊற்றி, அடியில் இருக்கும் குட்டி விளக்கில் ஸ்பிரிட் விட்டுப் பற்ற வைத்தால், நிஜமான நீராவியில் ஓடும். முனியனுடைய அப்பா ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மலைப் பங்களாவில் சமையல்காரராக இருந்தாராம். அதிகாரி ஊருக்குக் கிளம்பும்போது அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனது. அப்படிப்பட்ட இன்ஜினை நான் படங்களில்தான் பார்த்திருந்தேன்.

அதற்குத் தண்டவாளம் முனியனிடம் இல்லை. தண்டவாளமும் ஸ்பிரிட்டும் என்னிடம் இருந்தன. மரவேலைக்காரர்கள் பாலிஷுக்கு வாங்கும் ஸ்பிரிட் கடையில் எப்போதும் இருக்கும். ஆகவே மாதத்துக்கு ஒருமுறை அவர் பஸ்ஸில் இன்ஜினை மடியில் வைத்துக்கொண்டு வருவார். மாடியில் நாங்கள் இரண்டு பேரும் ஓட்டுவோம். ஸ்பிரிட்டின் தீ பகலில் கண்ணுக்கே தெரியாது. தண்ணீர் கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்கும், பிறகு சக்கரம் ஒரு உலுக்கலுடன் நகரும். கூண்டுக்குள் விசில் ஊத ஒரு சிறிய நெம்புகோல் இருக்கும். முனியன் ஒருமுறை கூட அதை முதலில் தொட்டதில்லை. "நீங்க ஊதுங்க மொதலாளி, ஒங்க ரோட்டுல தான ஓடுது" என்பார். இதை நான் அப்போது ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை. இப்போது அதைத்தான் அதிகமாக நினைக்கிறேன்.

விலைக்குக் கேட்டேன். எல்லோரும் கேட்பதுபோலத்தான் கேட்டேன்.

"அத வித்துட்டு நான் இன்னா பண்ணப்போறேன்?" என்று சிரித்தார். "துட்டு பூடும். இது ஓடிக்கினே இருக்கும்."

எனக்குக் கோபம் வரவில்லை. கவலைதான் வந்தது. அவர் வீட்டில் இன்ஜின் அடுப்புக்கு மேலே பரணில் இருந்தது. புகை, மழைக்கால ஈரம். பொங்கலுக்குப் புளி போட்டுத் தேய்ப்பாராம், அவரே பெருமையாகச் சொன்னார். இன்னும் பத்து வருஷத்தில் அது வெறும் பித்தளைத் துண்டாகிவிடும். என்னிடம் இருந்தால் எனக்குப் பிறகும் இருக்கும். நானாக யோசித்துப் பார்த்ததில், அது என்னிடம் இருப்பதுதான் அதற்கு நல்லது என்று தோன்றியது. அதில் இன்னும் எனக்குச் சந்தேகம் இல்லை.

முனியன் குடிப்பார். வேலை முடிந்தால் குடி, வேலை இல்லாவிட்டால் அதைவிட ஜாஸ்தி. ஒருநாள் அவருடைய மகள் தமிழ்மொழி கடைக்கு வந்தாள். நர்ஸிங் படிக்க மனுப் போட்டிருந்த பெண். "நீங்க சொன்னா கேப்பாருங்க சார். காசு இல்லன்னா அந்த ரயில வித்துட்டுக் குடிக்கிறேன்னு சொல்லிக்கினு இருக்காரு" என்று அழுதாள்.

அவள் சொன்னதும் எனக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது. அதை உடனே அடக்கினேன். அடக்கியது உண்மை என்பதால்தான் சொல்கிறேன். அந்த வாரமே முனியனைக் கூட்டிக்கொண்டு கச்சிராயபாளையம் பக்கம் இருக்கும் ஐயனார் கோயிலுக்குப் போனேன். குடியை விடுகிறவர்களுக்கு அங்கே பூசாரி மணிக்கட்டில் கயிறு கட்டிவிடுவார். கயிறு இருக்கிறவரை தொட மாட்டேன் என்று சாமி முன்னால் சத்தியம் செய்ய வேண்டும். மீறினால் சாமி கை காலை முடக்கும், கண்ணை எடுக்கும் என்பது அந்தப் பக்கத்தில் எல்லோரும் நம்புவது. முனியன் அடுத்த ஆடி வரைக்கும் கட்டிக்கொண்டார். திரும்பும் வழியில் அவருக்கு இட்லி வாங்கிக் கொடுத்தேன்.

நல்ல காரியம்தான். ஆனால் குடி போனதும் முனியனுக்குத் தெளிவு வந்துவிட்டது. மூன்றாவது மாதம் வந்தபோது, "இனிமே இத விக்கற பேச்சே இல்ல மொதலாளி. தமிழுக்குக் கல்யாணம் ஆனா சீரோட சேத்து இதையும் குடுத்துடுவேன். அது புள்ளைங்க ஓட்டட்டும்" என்றார். தெளிவாக, என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். நான் செய்த உபகாரமே என் வழியில் குறுக்கே வந்து நின்றது.

அடுத்த மாதம் அவர் வரும் நாளன்று ஸ்பிரிட்டைக் கடையின் டப்பாவிலிருந்து ஒரு பிராந்தி பாட்டிலில் ஊற்றினேன். டப்பா பெரிது, விளக்கில் ஊற்றச் சிந்துகிறது என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். நான் குடிக்காதவன் என்பதால் பாட்டிலை எங்கே எடுத்தேன் என்று கேட்பீர்கள். தெருமுனைக் காயலான் கடையில் கேட்டு வாங்கினேன். லேபிளைக் கிழிக்கவில்லை. மாடியில், முனியன் வழக்கமாக உட்காரும் நாற்காலிக்கு எதிரே இருந்த அலமாரியில் வைத்தேன்.

என் மனைவி அமிர்தம் துணி எடுக்க மாடிக்கு வந்தவள் பார்த்துவிட்டாள்.

"இன்னாங்க இது, நம்ம வூட்ல பிராந்தி பாட்லு?"

"ஸ்பிரிட்டு. விளக்குக்கு."

"அத போயி இதுலயா ஊத்தி வப்பாங்க? யாராச்சும் தெரியாம எட்த்துக் குடிச்சிட்டா?"

"யார் குடிக்கப்போறாங்க? முனியன்தான் கயிறு கட்டியிருக்காரே" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனாள். பாலிஷ் ஸ்பிரிட்டைக் குடித்தால் என்ன ஆகும் என்று எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடைக்கு வரும் ஒவ்வொரு தச்சருக்கும் நானே எச்சரித்துத்தான் கொடுப்பேன்.

அன்றைக்கு விளக்கை முனியன் வருவதற்கு முன்பே நிரப்பி வைத்திருந்தேன். இன்ஜின் நன்றாக ஓடியது. கடையில் ஆள் வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு நான் கீழே இறங்கினேன். கடையில் ஆள் யாரும் வரவில்லை. கொஞ்ச நேரம் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். சுபாஷ் ஏதோ கேட்டான், நான் பதில் சொன்னேன், என்ன சொன்னேன் என்று நினைவில்லை. திரும்பி மேலே வந்தபோது பாட்டில் வைத்த இடத்திலேயே இருந்தது. உள்ளே இருந்தது ஒரு தம்ளர் அளவு குறைந்திருந்தது. முனியன் என்னைப் பார்க்காமல் இன்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்தார். கயிறு கட்டிய கையைச் சட்டைக்குள் இழுத்து மறைத்திருந்தார்.

அந்த நிமிஷத்தில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நான் அவருக்கு மோர் கொடுத்தேன். பஸ் ஸ்டாண்டு வரை வண்டியில் கொண்டுபோய் விட்டேன். ஜன்னலோர சீட்டுப் பிடித்துக் கொடுத்தேன்.

மறுநாள் தமிழ்மொழி போன் செய்தாள். "அப்பா வாந்தியா எடுக்கறாரு சார். கண்ணு பாலாட்டம் தெரியுதுன்றாரு. கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேன்றாரு."

"பித்தமா இருக்கும்மா. இளநீர் கொடு, தூங்கட்டும். சரியாயிடும்" என்றேன்.

அவள் என்னை நம்பினாள். அவள் அப்பாவின் குடியை நிறுத்தியவன் நான் அல்லவா.

அதற்கும் மறுநாள் நானே கார் எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். அவரைத் தூக்கி வந்து பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். செலவு முழுக்க என்னுடையது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "என்ன குடிச்சீங்க?" என்று கேட்டார்.

முனியன் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். "நான் குடிக்கறது இல்லீங்க. கயிறு கட்டிக்கினு இருக்கேன்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நிஜமா?"

"அவர் பொய் சொல்ல மாட்டார் டாக்டர்" என்றேன்.

உயிர் பிழைத்தது. பார்வை போய்விட்டது. முதல் நாளே வந்திருந்தால் கொஞ்சம் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். மலையில் வேறு மாதிரி பேசிக்கொண்டார்கள். கயிறு கட்டியவன் மீறிவிட்டான், ஐயனார் கண்ணை எடுத்துக்கொண்டார். யாரும் யார்மேலும் சந்தேகப்படவில்லை. தமிழ்மொழி படிப்புக்குப் போகவில்லை, அப்பாவைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே நின்றுவிட்டாள். கோயிலில் பரிகாரம் செய்ய அரிசியும் தேங்காயும் நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. அது கவனக்குறைவு அல்ல. அவர் குடிக்கட்டும் என்றுதான் பாட்டிலை அங்கே வைத்தேன். குடித்தால் வெளியே சொல்ல மாட்டார் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தக் கயிற்றைக் கட்டவைத்தவன் நான். செத்துப்போவாரா, கண் போகுமா என்று நான் யோசிக்கவில்லை. எது நடந்தாலும் இன்ஜின் மலையிலிருந்து இறங்கி வரும் என்று மட்டும் யோசித்தேன்.

இன்று காலை அது வந்தது. தமிழ்மொழி அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். அவருடைய இன்னொரு கையில் அதே துணிப்பை. நாற்காலி போட்டேன். பையை இரண்டு கையாலும் என் பக்கம் நீட்டினார்.

"இனி எனக்கு எதுக்கு மொதலாளி? நீங்க வச்சிக்குங்க. சும்மாவே வச்சிக்குங்க. துட்டு வாணாம்."

"எதுக்கு முனியன்? தமிழுக்குக் கொடுக்கணும்னு சொன்னீங்களே?"

"அதுக்கு எனக்கு யோக்கித இல்லீங்க." அவர் குரல் தாழ்ந்தது. அவர் அடுத்துச் சொன்னது மகளுக்கும் புதிய செய்தி என்பது அவள் முகத்தில் தெரிந்தது. "அன்னிக்கி நீங்க கீழ போனப்ப, ஒங்க அலமாரில பாட்லு இருந்துச்சி. ஒரு வாய்தான்னு எட்த்தேன். சோறு போட்ட வூட்ல திருடிட்டேன். கயிறையும் மீறிட்டேன். சாமி கண்ண எட்த்துகிச்சி, அது ஞாயந்தான். ஒங்க பேர டாக்டருகிட்ட இழுக்கக்கூடாதுன்னுதான் வாயத் தொறக்கல. ஒங்கள மாதிரி மனுசனுக்கு என்னால ஒரு கெட்ட பேரு வந்துடக்கூடாது பாருங்க."

இல்லை என்று எனக்கு வாய் வரை வந்தது. சாமி கண்ணை எடுக்கவில்லை என்று மூன்று வார்த்தையில் சொல்லியிருக்கலாம். அந்த மூன்று வார்த்தை அவருக்கு அவர் சாமியைத் திருப்பிக் கொடுத்திருக்கும். சுபாஷ் தம்ளரில் மோர் கொண்டுவந்து வைத்தான். முனியன் கையால் துழாவி என் காலைத் தேடினார்.

"மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க மொதலாளி. அப்பதான் எனக்குத் தூக்கம் வரும்."

தமிழ்மொழி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொல்லுங்க சார்" என்றாள்.

அவர் தலையில் ஒரு கையை வைத்து, மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். அப்போது என் இன்னொரு கை பையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தது.