பதினொரு வாத்துகளும் ஒரு மூலக்கூறும்

எனக்கு வாத்துகளைப் பிடிக்கும், ஃபாதர். விடுதித் தொட்டியில் நீந்திய பதினொன்றுக்கும் தினமும் காலையில் பிரட் பிய்த்துப் போட்டது நான்தான். அவற்றை வளர்த்த சமையல்காரி கித்தேரியம்மாள்கூட, "பரமானந்தம் சாரைக் கண்டாத்தான் இதுக வெரசா ஓடியாருதுக" என்று சிரிப்பாள். அதனால்தானோ என்னவோ, போன சனிக்கிழமை அவை செத்தபோது யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோட்டக்காரர் செல்லப்பாண்டியைப் பிடித்துக்கொண்டீர்கள். திங்கட்கிழமை அவரை வேலையிலிருந்து நீக்கி, குடியிருக்கும் வீட்டையும் காலி செய்யச் சொல்லப் போகிறீர்களாம். அதற்குள் இதைப் படித்துவிடுங்கள்.

விஷயம் முட்டைக்கோஸில் தொடங்கியது. பக்கத்துப் பள்ளங்கி ஊர் விவசாயிகள் கோஸுக்குப் பூச்சிமருந்து அடித்தால் அது இலையில் நிற்காது, உருண்டு மண்ணில் விழுந்துவிடும். இலைமேல் மெழுகு மாதிரி ஒரு பூச்சு, தண்ணீரை அண்டவே விடாது. 1981 தொடங்கி மூன்று வருடம், நம் பள்ளி ஆய்வகத்தில், ஆமணக்கெண்ணெயோடு மல்லுக்கட்டி ஒரு மூலக்கூறைச் செய்தேன். அதன் ஒரு முனைக்குத் தண்ணீர் பிடிக்கும், மறு முனைக்கு மெழுகு பிடிக்கும். ஒரு தலைமுடியின் கனத்துக்குள் முப்பதாயிரத்தை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு சிறிசு. இலைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒற்றை அடுக்காகப் போய் நின்று, முகம் கொடுத்துப் பேசாத இரண்டையும் சம்பந்திகள் ஆக்கிவிடும். துளி உருளாமல் இலை முழுக்கப் பரவியதை முதன்முதலில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பள்ளங்கிக்கு எடுத்துப் போய்ச் செய்து காட்டினேன். அழகுமலை என்று ஒரு விவசாயி. விரலால் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, "இது சோப்புத் தண்ணிதான சார்? இதுக்கா மூணு வருசம்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல மனிதர்கள், டீ கொடுத்துத்தான் அனுப்பினார்கள். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

மறுநாள் பிரட் போடும்போது ஒன்றைக் கவனித்தேன். வாத்தின் முதுகில் விழுந்த துளியும் கோஸ் இலையில் போலவே உருண்டது. அங்கேயும் எண்ணெய்ப் பூச்சு. அதனால் இறகு நனைவதில்லை, உள்ளே காற்று தங்குகிறது, வாத்து மிதக்கிறது. இறகு நனைந்தால் என்ன ஆகும்? வேதியியல் ஆசிரியன் இதைக் கேட்காமல் இருந்தால்தான் தப்பு.

அந்த வெள்ளிக்கிழமை செல்லப்பாண்டி ஆசிரியர் அறை வாசலில் நின்று கத்தினார். "இந்த வாத்துக நாத்தப் பூராத் தின்னுப்புட்டுப் போயிருச்சுக சார். இன்னொருக்கா பாத்தியில எறங்கட்டும், மருந்த வச்சுப்புடுவேன்." பத்துப் பேர் கேட்டார்கள். நானும் கேட்டேன். நான் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததற்கு அது காரணமில்லை. அன்று எனக்கு வகுப்பு கிடையாது.

சனிக்கிழமை தொட்டியில் என் கரைசலை அரை வாளி ஊற்றினேன். அந்தச் சிமெண்டுத் தொட்டிக்கு அது தாராளம். வாத்துகள் ஏறி வரும் பலகையை எடுத்து ஓரமாக வைத்தேன், பாதியில் வெளியேறினால் கணக்கு கெட்டுப்போகும். நாலாவது நிமிடம் முதல் வாத்து கழுத்து வரைக்கும் இறங்கியது. பிரட் கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்து என் பக்கமே வந்தது, பாவம். ஒரு முடிவை நம்பாதே, மூன்று வேண்டும் என்று மாணவர்களிடம் சொல்லுவேன். மூன்று கிடைத்தது. அதோடு நிறுத்தி மற்றவற்றைத் தூக்கிவிட்டிருக்கலாம். கைக்கு எட்டும் தூரம்தான். ஆனால் ஒரு கையில் கடிகாரம், இன்னொன்றில் பென்சில். பதினேழு நிமிடத்தில் பதினொன்றும் முடிந்தது. பலகையைத் திரும்ப அதே இடத்தில் வைத்தேன்.

கித்தேரியம்மாள் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து, "பச்சப்புள்ளையாட்டம் வளத்தேனே, எந்தப் பாவி பண்ணுனான்" என்று மாரில் அடித்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்து தேற்றியது நான்தான். உங்கள் அறையில் செல்லப்பாண்டி, "எம் புள்ளைக மேல ஆணை, நான் வைக்கல சாமி" என்று அழுதபோதும் நான் அங்கேதான் நின்றேன்.

நேற்று அறிவிப்புப் பலகையில் உங்கள் அறிக்கையைப் படித்தேன். 'பூச்சிமருந்து விஷம்' என்று போட்டிருக்கிறீர்கள். எந்தக் கடையிலும் கிடைக்கிற பாட்டில் சரக்கு. மனது ஆறவில்லை, ஃபாதர், சோறு இறங்கவில்லை. ஒரு அப்பாவி தண்டனை அனுபவிக்க நான் பார்த்துக்கொண்டிருப்பேனா? அதனால்தான் எழுதுகிறேன்.

என் நோட்டுப் புத்தகத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நிமிடம் பிசகாமல் எல்லாம் இருக்கிறது. தயவுசெய்து அறிக்கையில் விஷம் என்பதை அடித்துவிட்டு, என் பெயரையும் மூலக்கூறின் பெயரையும் எழுதுங்கள். செல்லப்பாண்டி விஷயத்தை உங்கள் சௌகரியப்படி பார்த்துக்கொள்ளுங்கள்.