வாலுவின் கல்

டீ ஆறிவிட்டதே என்று பார்க்காதீர்கள், டைரக்டர் சார். எனக்கு ஆறிய டீதான் பிடிக்கும். என் மனைவி அதற்காகவே என்னைக் கேலி செய்வாள்.

அந்தச் சிறுகோளைக் கண்டுபிடித்தது அவள்தான். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் லட்சக்கணக்கான கற்களில் ஒன்று. நம் வானாய்வகத் தொலைநோக்கியில் அடுத்தடுத்து எடுத்த படங்களை மாற்றி மாற்றிப் பார்த்தபோது ஒரு புள்ளி மட்டும் நகர்ந்தது. எங்கள் மகள் வாலு காய்ச்சலில் போனபிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

அதன் ஒளி கூடிக் குறைவதை வாரக்கணக்கில் அளந்துவிட்டுச் சொன்னாள்: "நிறம் உங்கள மாதிரி கரிக்கட்டை. உருவம் உருளைக்கிழங்கு. ஆறு மணி நேரத்துக்கு ஒரு குட்டிக்கரணம் போடுது. நம்ம வாலுவேதான்."

வாலுவின் பெயரையே வைக்க ஆசைப்பட்டாள். ஆனால் பாதை உறுதியானால்தான் பெயர் வைக்க விடுவார்கள். கல் கண்ணில் படும் பருவத்திலெல்லாம் அதன் இடத்தை அளந்து அனுப்பவேண்டும். அளப்பது என் வேலை.

ஒருநாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள். "பேரு வெச்சதும் நான் அக்கா வீட்டுக்குப் போயிடறேன். அதுக்கப்புறம் இங்க எனக்கு என்ன இருக்கு?" குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் சமாதானம் செய்திருப்பேன்.

அந்தப் பருவத்து அளவை மயிரிழை மாற்றி அனுப்பினேன். அடுத்த பருவத்திலும். மயிரிழைதான், ஆனால் போகப் போக அது விரியும். கணக்கு காட்டிய இடத்தில் கல் இல்லை. தொலைந்துபோனது என்று மற்றவர்கள் கைவிட்டார்கள். அவள் விடவில்லை. வருடக்கணக்காக, அது இல்லாத இடத்திலேயே தேடினாள். திரைக்கு முன்னாலேயே அவள் தலை நரைத்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து தேடினேன், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தேன். கல் எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாலு கெடச்சாளா?" என்றாள்.

"தேடிக்கிட்டிருக்கேம்மா" என்றேன். அப்போதும் சொல்லவில்லை.

இப்போது யாரோ ஒருவர் அதைக் கண்டெடுத்துவிட்டார். நம் பழைய படங்களோடு ஒத்துப்பார்த்ததில் என் அளவுகள் பொய் என்று தெரிந்துவிட்டது. அவர் தன் மகள் பெயரை வைக்கப்போகிறாராம். அந்தப் பெண் பள்ளிக்கூடம் போகிறாளாம். நல்லா இருக்கட்டும்.

ஆமாம் சார், தெரிந்தேதான் செய்தேன். ஆனால் அறிக்கையில் கொடுமை என்று மட்டும் எழுதாதீர்கள். ஒருநாள்கூட அவளை நான் தனியாகத் தேட விட்டதில்லை.